அண்ணாச்சி கையால் ஒரு விண்ணப்பம்

தி.நகர்,
17.11.2024

அன்பு மருமகள் அனுப்ரியாவுக்கு,

ராசிபுரத்துப் பள்ளி ஹாஸ்டலில் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள் என்று உன் அம்மா ஒரே அழுகை. நான்தான் தேற்றினேன். "அக்கா, அழாதே. போன் இருந்திருந்தால் என் கையெழுத்து அழகு அந்த ஊருக்குத் தெரியாமலேயே போயிருக்கும்" என்றேன். வார்டன் கடிதத்தைப் பிரித்துப் படிப்பாராமே? படிக்கட்டும். வார்டன் அம்மா, வணக்கம். பெண்ணுக்கு ஒரு முட்டை கூடப் போடுங்கள்.

உன் கடிதமும், போட்டோவும், மார்க் ஷீட்டும், நீ வரைந்த மூன்று படங்களும் அம்மா மூலமாக வந்து சேர்ந்தன. அடையாறு டிசைன் கல்லூரிக்கு நான்தான் விண்ணப்பம் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டிருக்கிறாய். உன் அப்பாவுக்குப் பாத்திரக் கடையை விட்டால் கால்குலேட்டர்கூட அந்நியம். உன் அம்மா கம்ப்யூட்டரைக் கண்டால் ஷாக் அடிக்கும் என்று தள்ளி நிற்பாள். நான் எட்டாவதோடு நின்றேன் என்றால் அது படிப்பு வராமல் அல்ல. வாத்தியாரிடம் சொல்லிக்கொடுக்கச் சரக்கு தீர்ந்துவிட்டது.

அந்தக் கல்லூரி எனக்குப் புதிதா? அதன் டைரக்டர் மகள் கல்யாணத்துக்கு எங்கள் ஜவுளிக்கடையில் முகூர்த்தச் சேலை எடுத்துக் கொடுத்ததே இந்தக் கைதான். டைரக்டர் அம்மையார் எண்பது சேலை பார்த்தார். எண்பத்தோராவதை நான் விரித்தேன். "ஜவஹர் சார், நீங்கள் எங்கள் கல்லூரியில் பாடம் எடுக்க வரலாமே" என்றார். பட்டு செக்‌ஷன் என்னை விட்டால் படுத்துவிடும் என்பதால் மறுத்துவிட்டேன்.

உன் அப்பா சொன்ன நிபந்தனை எனக்கும் தெரியும். நுழைவுத் தேர்வு எழுதிச் சீட்டு வாங்கினால் டிசைன். இல்லாவிட்டால் கோவில்பட்டி அத்தை வீட்டில் தங்கி பி.காம். நீ கோவில்பட்டி பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை. கடைசித் தேதி ஜனவரி ஆறு. மலை போல நாள் இருக்கிறது.

உன் தாய்மாமன்,
ஜவஹர்

* * *

ராசிபுரம்,
1.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டன் வாசித்துச் சிரித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். முட்டை மட்டும் இன்னும் கூடவில்லை.

மாமா, ஒரு விஷயம் தெளிவாக எழுதிவிடுகிறேன். விவரங்களை நிரப்பினால் மட்டும் போதாது. பணம் கட்டினாலும் போதாது. கடைசிப் பக்கத்தில் 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கி, விண்ணப்ப எண் வந்தால்தான் விண்ணப்பம் போனதாகக் கணக்கு. கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரேயடியாக நுழைவார்கள். அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

உங்களிடம் ஏன் கேட்டேன் என்றால், என் படங்களை உட்கார்ந்து பார்த்தது நீங்கள் ஒருவர்தான். பத்தாவது லீவில் நான் போட்ட அன்னப்பட்சி பார்டரைப் பட்டு செக்‌ஷன் கண்ணாடியில் ஒட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டு டிசைனர்" என்று சொன்னீர்களே. அப்போது வெட்கமாக இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் இதைப் படிப்பாகவே படிக்கலாம் என்று தோன்றியது.

இந்த ஒரு விண்ணப்பம்தான் மாமா. வேறு எங்கும் போட அப்பா விடவில்லை. யாரிடமும் இப்போதைக்குச் சொல்லாதீர்கள்.

அனு

* * *

தி.நகர்,
22.12.2024

அன்பு மருமகளுக்கு,

யாரிடமும் சொல்லவில்லை. பட்டு செக்‌ஷனிலும், காட்டன் செக்‌ஷனிலும், டீக்கடையிலும் மட்டும் சொன்னேன். உஸ்மான் ரோடே உன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறது.

மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஷஃபியுல்லா பாயிடம் உட்கார்ந்து எல்லாம் முடித்தாகிவிட்டது. பெயர், ஊர், மார்க், படம் எல்லாம் ஏறிவிட்டன. பணமும் கட்டியாயிற்று. உன் போட்டோவைப் பார்த்துக் கம்ப்யூட்டரே ஒரு நிமிடம் நின்றுவிட்டது. நீ சொன்ன அந்தப் பொத்தான் மட்டும்தான் பாக்கி.

பாய் அவசரப்படுத்தினார். "இன்னா நைனா, எல்லாம் ரெடியா கீது, ஒரு தட்டு தட்டினா வேலை முடிஞ்சுது. இன்னாத்துக்கு வெச்சிக்கினு கீறே?" என்றார். நான் சிரித்தேன். அவருக்கு நம் கடை வழக்கம் தெரியாது.

உனக்குத் தெரியும். எங்கள் முதலாளி சிதம்பரநாதன் அண்ணாச்சி கையால் தொடாமல் நம் கடையில் ஒரு முகூர்த்தச் சேலை வெளியே போனதில்லை. கல்யாண வீட்டார் விடியற்காலையே வந்து, அவர் குளித்துத் திருநீறு பூசி வரும்வரை காத்துக் கிடக்கிறார்கள். அவர் எடுத்துக்கொடுத்த சேலை கட்டிய பெண் எவளும் கண்ணைக் கசக்கியதாகச் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்ட கைராசி. உன் வாழ்க்கை விஷயம் இது, வேட்டி துண்டா? அந்தப் பொத்தானை அண்ணாச்சி விரல்தான் அமுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அண்ணாச்சி திருச்செந்தூர் பக்கம் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறார். போகும்போதே கேட்டுவிட்டேன். "எலேய் ஜவஹரு, பிள்ளை படிப்புக்குன்னா வராம இருப்பனா? ஆறாந்தேதி வந்து அமுக்கிப் போடுதேன்" என்றார். ஆறாம் தேதி இரவு பன்னிரண்டு வரை நாள் இருக்கிறது அல்லவா?

மாமா இருக்கப் பயமேன்.

ஜவஹர்

* * *

ராசிபுரம்,
26.12.2024

மாமா,

உங்கள் கடிதம் இன்றுதான் கிடைத்தது. சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தயவுசெய்து இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஷஃபியுல்லா பாயிடம் போய் அமுக்கிவிடுங்கள். நீங்களே அமுக்குங்கள். பாய் அமுக்கினாலும் சரி. அண்ணாச்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சேலைக்குப் பார்க்கும் கைராசியை இதற்குப் பார்க்காதீர்கள். கடைசி நாள் என்றால் இரவு பன்னிரண்டு வரை என்று எங்கும் போட்டிருக்கவில்லை. எத்தனை மணி வரை என்பது எனக்கு ஞாபகமும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

என் அறைத்தோழி அனன்யா நவம்பரிலேயே போட்டுவிட்டாள். நான் ஒவ்வொரு நாளும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வரைந்து பழகுகிறேன்.

அமுக்கியதும் ஒரு வரி எழுதுங்கள். அந்த எண்ணை மட்டும் எழுதினாலே போதும்.

அனு

* * *

தி.நகர்,
8.1.2025

அன்பு மருமகளுக்கு,

வெற்றி! வெற்றி! வெற்றி!

உன் கடிதம் வந்ததும் ஓடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அண்ணாச்சியிடம் வாக்குக் கொடுத்தாயிற்றே. ஆறாம் தேதி அவர் ரயிலைவிட்டு இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்து, நேரே பாய் கடைக்கு வந்தார். மாம்பலம் ஸ்டேஷனில் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. நான் கற்பூரம் காட்டினேன். பாய்கூட எழுந்து நின்றார். அண்ணாச்சி ஆள்காட்டி விரலை நீட்டி ஒரே அமுக்கு. கம்ப்யூட்டர் பச்சையாகச் சிரித்தது. அங்கிருந்த எல்லோரும் கை தட்டினார்கள்.

எண் ஏதோ நீளமாக வந்தது. பாய் பத்திரமாக வைத்திருக்கிறார். எண்ணா முக்கியம்? டைரக்டருக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "உங்கள் மருமகள் என்றால் நான் தனியாகக் கவனிக்கிறேன்" என்றார்.

நீ படிப்பில் மட்டும் கவனம் வை. பொங்கலுக்கு வர முடியாதாமே. உனக்குப் பச்சையில் ஒரு சுடிதார் எடுத்து வைத்திருக்கிறேன். பரீட்சை அன்றைக்குப் போட்டுக்கொள்.

ஜவஹர்

* * *

ராசிபுரம்,
24.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அனன்யாவுக்கு நேற்று ஹால் டிக்கெட் வந்துவிட்டது. அவள் அண்ணன் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். கிண்டியில் மையம். பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. என் பெயர் இருக்கிறதா என்று அவனிடம் பார்க்கச் சொன்னேன். விண்ணப்ப எண் இல்லாமல் பார்க்க முடியாதாம்.

மாமா, அந்த எண்ணை அனுப்புங்கள். பாயிடம் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினாலும் போதும். பிரின்சிபால் இரண்டு நாள் விடுப்புக் கொடுத்துவிட்டார்.

உங்களைச் சந்தேகப்படுவதாக நினைக்காதீர்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

அனு

* * *

தி.நகர்,
30.1.2025

அன்பு மருமகளுக்கு,

ஹால் டிக்கெட் என்பது சாதாரண ஆட்களுக்கு. உனக்கு மையத்திலேயே கையில் கொடுப்பார்கள். டைரக்டர் ஏற்பாடு. அதனால்தான் எண்ணும் வெளியே தரக்கூடாதாம். ரகசியம்.

நீ பேசாமல் பஸ் ஏறிக் கிளாம்பாக்கத்தில் வந்து இறங்கு. அங்கே நிற்பேன். கிண்டிக்குக் கூட்டிப்போய், உன்னை உள்ளே உட்கார வைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஜவஹர் பேசி உள்ளே விடாத கேட் மெட்ராஸில் இன்னும் கட்டப்படவில்லை.

பென்சிலை நன்றாகச் சீவி எடுத்து வா.

ஜவஹர்

* * *

ராசிபுரம்,
16.2.2025

மாமா,

பஸ்ஸில் வரும்போதே எழுத நினைத்தேன். கை ஓடவில்லை. ஒரு வாரம் ஆகிவிட்டது.

கிண்டியில் அந்தக் கேட்டுக்கு முன்னால் நடந்ததை நீங்கள் வேறு மாதிரி எல்லோரிடமும் சொல்லியிருப்பீர்கள். அதனால் நடந்தபடி நான் எழுதிவைக்கிறேன்.

நீங்கள் வாட்ச்மேனிடம் டைரக்டர் பெயரைச் சொன்னீர்கள். "அப்படி யாரும் இங்க கெடையாது சார், ஹால் டிக்கெட் காட்டு" என்றார் அவர். சேலைக் கதையைச் சொன்னீர்கள். "எல்லாம் கரெக்டு நைனா, ஆனா சீட்டு இல்லாம உள்ள வுட்டா என் வேலை பூடும்" என்றார். அவர் நம்மைத் திட்டக்கூட இல்லை. அனன்யா உள்ளே போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பெல் அடித்தது. கேட்டைச் சாத்தினார்கள். நீங்கள் அப்போதும் என்னைப் பார்த்து, "பத்து நிமிஷம் பொறு, ஆள் வர்றான்" என்றீர்கள். நான் புதுச் சுடிதாரில், சீவிய பென்சில்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யார் வரப் போகிறார்கள் மாமா? நீங்களே அதை நம்பினீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே நம்பினீர்கள்.

திரும்பும் வழியில் நானாகத்தான் ஷஃபியுல்லா பாய் கடைக்குள் நுழைந்தேன். நீங்கள் வெளியே நின்றுகொண்டீர்கள். பாய் என்னைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆறாந்தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கே அப்ளிகேஷனை மூடிட்டாங்கம்மா. உங்க மாமாவும் பெரியவரும் ஆறரைக்கு வந்தாங்க. காலையிலேர்ந்து போன் மேல போன் போட்டேன். அண்ணாச்சி வந்துடட்டும், வந்துடட்டும்னே சொல்லிக்கினு இருந்தார்" என்றார்.

ஆறாம் தேதியே சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவ்வளவுதான். ஒரு மாதம் இரவும் பகலும் வரைந்திருக்க மாட்டேன். அந்தக் கேட்டில் நின்றிருக்க மாட்டேன்.

பிளஸ் டூ முடிந்ததும் அப்பா என்னைக் கோவில்பட்டிக்கு அனுப்புகிறார். உங்களை வீட்டுக்குள் விடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். நான் தடுக்கப் போவதில்லை. நீங்கள் எனக்கு எழுத வேண்டாம்.

அனுப்ரியா

* * *

தி.நகர்,
14.12.2025

அன்பு மருமகள் அனுப்ரியாவுக்கு,

கோவில்பட்டி எப்படி? பி.காமில் நீதான் முதல் என்று இங்கே பேச்சு. என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் கடிதம். இதற்கு முன் ஐந்து கடிதம் எழுதி நானே கிழித்துவிட்டேன். எழுத்து அவ்வளவு அழகாக வந்துவிட்டது, அனுப்ப மனசு வரவில்லை.

விஷயம் பெரியது. உட்கார்ந்து படி.

பிளஸ் டூ முடித்த அடுத்த வருஷமும் அடையாறு கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமாம். அதோடு சரி, அதற்கப்புறம் கிடையாது. பாய்தான் படித்துச் சொன்னார். விண்ணப்பம் திறந்த முதல் நாளே, கடைக்கு லீவு போட்டுவிட்டு, அவர் ஷட்டரைத் தூக்கும்போதே போய் உட்கார்ந்தேன். எல்லாம் நிரப்பினோம். உன் படங்கள் பழைய கோப்பிலேயே இருந்தன. பொத்தானை நானே அமுக்கினேன். ராகு காலம்தான். இருக்கட்டும்.

முதல் ஆள் நீதான் என்று கல்லூரியில் பெரிய கொண்டாட்டமாம். டைரக்டர் என்னைக் காரில் அழைத்துப்போய், அவர் அறையில் உட்காரவைத்து, வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார். "ஜவஹர் சார், இந்த வருஷம் கேட்டை உங்கள் மருமகளுக்காகத் திறந்தே வைக்கிறோம்" என்றார்.

உன் அப்பாவிடமும் பேசிவிட்டேன். பாத்திரக் கடைக்கே போனேன். என்னைக் கண்டதும் கல்லாவைவிட்டு எழுந்து ஓடிவந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மச்சான், என் பொண்ணைக் காப்பாத்திட்டீங்க" என்று கண்ணீர்விட்டார். உன்னைப் பரீட்சைக்கு வரச் சொல்லிவிட்டார்.

விண்ணப்ப எண் 2600014. உன் பிறந்த தேதியைப் போட்டால் திறக்கும்.

உன் மாமா,
ஜவஹர்

* * *

தி.நகர்,
31.1.2026

மருமகளுக்கு,

பதில் இல்லை. பரவாயில்லை, படிப்பு அதிகம் இருக்கும்.

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. உன் போட்டோ பளிச்சென்று விழுந்திருக்கிறது. அதைப் பார்த்த போஸ்ட்மேன் சல்யூட் அடித்தார். தபாலில் அனுப்பினால் வழியில் எவனாவது ஆசைப்பட்டு எடுத்துக்கொள்வான். என் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், உன் கையில்தான் கொடுப்பேன். பிப்ரவரி எட்டு, ஞாயிறு. இந்த முறையும் கிண்டிதான். ஏழாம் தேதி ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறு. உனக்காக ஏசி பெட்டியே தனியாகச் சேர்க்கிறார்களாம். காலையில் எழும்பூரில் நிற்பேன்.

வா அனு.

ஜவஹர்

* * *

கோவில்பட்டி,
15.2.2026

மாமா,

உங்கள் டிசம்பர் கடிதத்தை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். இருவரும் சிரித்தோம். வெள்ளி டம்ளர் வந்த இடத்தில் அத்தைக்குப் புரையேறிவிட்டது. அப்பா ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்து அழுதார் என்ற இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். என் அப்பா அவருடைய அம்மா செத்தபோதே அழவில்லை. அதற்குக் கீழே இருந்த எண்ணை நான் பார்க்கவே இல்லை. அம்மாவிடம் போனில் கேட்டேன். "அவன் சொல்றதை இன்னுமா நம்புறே?" என்றாள். இரண்டாவது கடிதத்தை முழுக்கப் படிக்கவில்லை. ஏசி பெட்டி வரை படித்தேன்.

நேற்று அப்பா போன் செய்தார். பேச்சுவாக்கில், "நீ வராததும் நல்லதுக்குத்தான்" என்றார். எங்கே வராதது என்றேன். "பரீட்சைக்குத்தான். ஜவஹர் வந்து கேட்டான். வரட்டும்னேன். அதுக்கப்புறம் நீ அந்தப் பேச்சே எடுக்கல. பி.காமே போதும்னு முடிவு பண்ணிட்டேன்னு நெனச்சேன். அவன் பாவம், எழும்பூர்ல நின்னுட்டு வந்தானாம்" என்றார்.

கடிதத்தைத் தேடி எடுத்தேன். காலேஜ் லேபில் உட்கார்ந்து அந்த எண்ணைப் போட்டேன். பிறந்த தேதியைப் போட்டேன். திறந்தது.

என் பெயர். என் போட்டோ. நான் வரைந்த மூன்று படங்கள். 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று எழுதி, விண்ணப்பம் திறந்த முதல் நாளின் தேதி. அதன் கீழே, 'தேர்வுக்கு வரவில்லை'.

பக்கத்து மேஜைப் பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள். கண்ணில் தூசி என்றேன்.

எண் உண்மை மாமா. அப்பா வரச் சொன்னதும் உண்மை. ஹால் டிக்கெட்டும் உண்மை. அந்த வெள்ளி டம்ளர் காபியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தால் நான் வந்திருப்பேன்.

அடுத்த வருஷம் கிடையாது என்பதும் உண்மைதான். அதையும் பார்த்தேன்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று தெரியவில்லை. போன வருஷம் இருந்தது. இப்போது என் மேலும் இருக்கிறது. எனக்கு எழுதுங்கள். ஆனால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

அனு

* * *

தி.நகர்,
22.2.2026

அனு,

உன் கடிதம் வந்தது.

நேற்று கடைக்கு நாலைந்து பேர் வந்தார்கள். வாங்கவில்லை. அண்ணாச்சிக்கு முட்டிவலி. மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

அன்றைக்கு நடந்தது. எழும்பூருக்கு விடியும் முன்பே போய்விட்டேன். ரயில் கொஞ்சம் தாமதமாக வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நீ இறங்கவில்லை. தூங்கிவிட்டாயோ என்று நினைத்தேன். பெருக்குகிறவர்கள் உள்ளே ஏறினார்கள். நானும் ஏறினேன். ஒவ்வொரு பெட்டியாக, மேல் பெர்த்தெல்லாம் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு அம்மா, "யாரைப்பா தேடுறே?" என்று கேட்டார். என் அக்கா மகளை என்றேன். பிறகு ரயிலை யார்டுக்கு எடுக்கப் போகிறார்கள், இறங்கு என்றார்கள். இறங்கினேன்.

அவ்வளவுதான் நடந்தது.

மாமா